தட்டியும் திறவாத கதவு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"அனைவருக்கும் கல்வி" என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பேச்சுப் போட்டிகளில் அதைச் சொல்லிப் பரிசும் பெறுகிறோம். நானும் பெற்றிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் அந்தத் தலைப்பில் பேசியதற்காக எனக்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. அது கைதவறித் தரையில் விழுந்து 'டங்' என்று ஒலித்தால், என் தம்பி இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுவான். அவனுக்கு அது வெறும் ஓசை அன்று, வலி.

அந்தத் தம்பிக்கு ஆறாம் வகுப்பில் ஓர் இடம் கேட்டு என் தாயார் கடந்த ஆண்டு ஏறி இறங்கிய படிகளை எண்ணும்போது, அன்று நான் மேடையில் பேசியது எவ்வளவு எளிது என்று புரிகிறது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமாக இருந்தால் ஆண்டு மலரில் எழுத வேண்டியதில்லை. நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இதே கதை நடக்கிறது. ஆகையால் என் மனத்தில் பட்ட கருத்தைப் பணிவுடன் கூற விரும்புகிறேன்.

முதலில் இவர்களுடைய துன்பம் என்ன என்பதை அறிய வேண்டும். புலன்கள் ஐந்து என்று நாம் படித்திருக்கிறோம். உடல் சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதை உட்செவி உணர்த்துகிறது. கைகால் எங்கே இருக்கிறது என்பதைத் தசைகளும் மூட்டுகளும் உணர்த்துகின்றன. மருத்துவர்கள் இவ்விரண்டையும் புலன்களாகவே கொள்கிறார்கள். இவையெல்லாம் கொண்டுவந்து கொட்டும் செய்திகளை மூளை சலித்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தள்ளுகிறது. வகுப்பில் மின்விசிறி சுழலும் ஓசை நமக்குக் கேட்பதே இல்லை. மூளை அதைத் தள்ளிவிடுகிறது. சில குழந்தைகளுக்கு அந்தச் சல்லடை வேறு விதமாக அமைந்திருக்கிறது. விசிறியின் ஓசையும் ஆசிரியையின் குரலும் ஒரே அளவில் கேட்கும். டியூப்லைட்டின் மெல்லிய துடிப்பு கண்ணைக் குத்தும். சட்டைக் கழுத்துப்பட்டையில் தைத்த சிறு துணி முள்ளாய் உறுத்தும். வேறு சிலருக்கு நேர் எதிராக உணர்வு குறைவாக இருக்கும். அவர்கள் ஓயாமல் ஆடுவார்கள், சுழல்வார்கள், எதையாவது அழுத்திப் பிடிப்பார்கள். ஒரே குழந்தையிடம் இரண்டும் இருப்பதும் உண்டு.

ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் இதை ஆராய்ந்து 1972-இல் நூல் வெளியிட்டார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இத்தன்மை மிகுதியாகக் காணப்படுகிறது. 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியபோதே, உரத்த ஓசைக்கு அஞ்சும் குழந்தைகளைக் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் 2013-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பெரிய மருத்துவர்களுக்கே எழுபது ஆண்டுகள் ஆயின என்றால், நம் ஊரில் இதைப் "பிடிவாதம்", "செல்லம்", "வளர்ப்புச் சரியில்லை" என்று சொல்வதில் வியப்பில்லை. என் தாயார் இம்மூன்றையும் கேட்டிருக்கிறார்கள்.

தொடக்கப் பள்ளியில் என் தம்பி தொல்லையின்றிப் படித்தான். ஒரே அறை, ஒரே டீச்சர், ஒரே பெஞ்சு. டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தே நிலையை அறிந்துகொள்வார். ஆறாம் வகுப்பு அப்படியன்று. நாம் அனைவரும் கடந்து வந்ததுதான். ஆனால் அதை அவன் காதால் கேட்டுப் பாருங்கள். நாளுக்கு எட்டு முறை மணி. மணிதோறும் ஒரு புது ஆசிரியர். மாடிப்படியில் ஒரே நேரத்தில் முந்நூறு பேர் இடித்துக்கொண்டு இறங்குவார்கள். காலை வழிபாட்டில் ஒலிபெருக்கி கிரீச்சிடும். உணவு இடைவேளையில் நூறு டிபன் பாக்ஸ்களின் மணம் ஒன்றாகக் கலந்து வரும். படிக்கும் பாடத்தைவிட இவையே அவனுக்குப் பெரிய பாடம். ஆகவே இத்தகைய குழந்தைக்கு எந்த உயர்நிலைப் பள்ளி என்பது, நமக்கு எந்தப் பள்ளி என்பதைப் போன்ற சிறு கேள்வி அன்று.

வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் ஒரு பள்ளி உண்டு. அதன் பெயர் இங்கே வேண்டாம். சிறுபான்மையினர் நடத்தும் நல்ல பள்ளி. என் பெரியப்பா பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். விண்ணப்பம் கொடுத்த அன்று அலுவலக அறையில் ஒரு தேர்வு வைத்தார்கள். கணக்கு எல்லாவற்றையும் தம்பி சரியாகப் போட்டுவிட்டான். அப்போது வெளியே மணி அடித்தது. அவன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். அவ்வளவுதான். "வேறு இடம் பாருங்கள் அம்மா. இவனுக்கென்று உள்ள பள்ளியில் சேருங்கள்" என்று கூறிவிட்டார்கள்.

அம்மா கோபப்படவில்லை. "சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள் சார், நான் மேலே கேட்டுக்கொள்கிறேன்" என்றார்கள். எழுதித் தரவில்லை. அம்மா தாளாளருக்குக் கடிதம் எழுதினார்கள். மருத்துவர் சான்றிதழ், அடையாள அட்டை, தொடக்கப் பள்ளி டீச்சர் தந்த நற்சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்து இணைத்தார்கள். பதில் இல்லை. மீண்டும் நேரில் போனபோது, "எங்கள் பள்ளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு கொடுத்தார்கள். அதற்குள் ஜூன் பிறந்தது. எல்லோரும் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், என் தம்பி ஏழு வாரங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பள்ளிப் பிள்ளைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டம் பொருந்தாது என்று அவர் சொன்னது பொய்யா? நான் படித்துப் பார்த்தேன். பொய் அன்று; ஆனால் முழு உண்மையும் அன்று. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. சேர்க்கைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்றும் கூறியது. ஆனால் அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆக, அவர் சொன்னது இதைத்தான். ஆனால் வேறொரு சட்டம் இருக்கிறது. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன, ஆட்டிசமும் உண்டு. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளை வேறுபாடின்றிச் சேர்த்து, அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தர அரசு ஆவன செய்ய வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அப்பிரிவில் சிறுபான்மைப் பள்ளி என்று தனி விலக்கு எழுதப்படவில்லை. உரிமை மறுக்கப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். அவர் விசாரித்துப் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

மூன்று மாதம் என்பது அலுவலகத்துக்குச் சிறிது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு பருவம். காலாண்டுத் தேர்வே முடிந்துவிடும். நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் இடம் மறுக்கப்பட்ட தாய் உட்கார்ந்து பேச, பள்ளி திறக்கும் முன் ஒரு நாற்காலி இல்லை. என் கட்டுரையின் சாரமே இதுதான்.

இங்கிலாந்தில் அந்த நாற்காலி இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளி இடம் மார்ச் முதல் நாள் அறிவிக்கப்படுகிறது. கேட்ட பள்ளி கிடைக்காவிட்டால் காரணத்தையும், மேல்முறையீட்டு உரிமையையும் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முறையீட்டைத் தயாரிக்கக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் தருகிறார்கள். பள்ளியைச் சேராத மூவராவது கொண்ட குழு விசாரிக்கிறது. அவர்களில் ஒருவர் கல்வித் துறை அறிந்தவர். ஒருவர் பள்ளி நிர்வாகத்தில் பணியாற்றாத பொதுமனிதர். இன்னும் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கு உண்மையிலேயே இடையூறா என்று முதலில் பார்ப்பார்கள். இடையூறுதான் என்றாலும் அத்தோடு முடிவதில்லை. அந்த இடையூறு பெரிதா, அந்தக் குழந்தை அப்பள்ளியை இழப்பதால் வரும் கேடு பெரிதா என்று தராசில் நிறுப்பார்கள். குழுவின் முடிவுக்குப் பள்ளி கட்டுப்பட வேண்டும். மிகுந்த தேவையுடைய குழந்தைகளுக்கென்று அரசு தனித் திட்டம் எழுதித் தருகிறது. அதில் பள்ளியைப் பற்றிப் பிணக்கு வந்தால் தனி நடுவர் மன்றமே உண்டு. அங்கும் எல்லாத் தாய்மாரும் வெல்வதில்லை. ஆனால் தோற்றவருக்கும் ஏன் தோற்றோம் என்பது எழுத்தில் கிடைக்கிறது. என் தாயாருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

பள்ளியின் பக்கம் நியாயமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு வகுப்பில் ஐம்பது பேர். ஒரு ஆசிரியர். நாற்பத்தைந்து நிமிடம். ஒரு பிள்ளை அலறினால் நாற்பத்தொன்பது பேரின் பாடம் நிற்கிறது. சிறப்பாசிரியர் வைக்கப் பணம் வேண்டும். அதை யார் தருவது? மற்றப் பெற்றோர் முறையிட்டால் யார் பதில் சொல்வது? இவை பொய்யான கேள்விகள் அல்ல. பத்து ஆண்டுகளாக நம் சிஸ்டர்களின் உழைப்பைப் பார்த்துவரும் நான் அவற்றை ஏளனம் செய்ய மாட்டேன். சிறப்பாசிரியரின் ஊதியத்தை ஒரு பள்ளியின் தலையில் மட்டும் கட்டுவது முறையன்று. அதில் அரசு தோள் கொடுக்க வேண்டும்.

ஆனால் எல்லா உதவியும் பணம் கேட்பதில்லை. கதவருகே ஓர் இருக்கை. தாங்க முடியாதபோது ஐந்து நிமிடம் வெளியே நின்று வர அனுமதி. காதை மூடும் ஒரு மூடி. மணி அடித்து எல்லோரும் போன பிறகு படியிறங்கலாம் என்ற சலுகை. சீருடையின் நிறம் மாறாமல் பழகிய பருத்தித் துணியில் தைத்துக்கொள்ள இசைவு. நாளைய கால அட்டவணை மாறினால் இன்றே ஒரு சொல். இவற்றில் எதற்கு நிதி வேண்டும்? "முடியாது" என்பதற்கும் "முயன்று பார்க்கவில்லை" என்பதற்கும் உள்ள தொலைவு, பல வேளைகளில் ஒரு பெஞ்சைக் கதவருகே நகர்த்தும் தொலைவுதான்.

இன்னொரு சொல்லும் என்னை வருத்துகிறது. "இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரிய மேதையாவார்கள், கவலைப்படாதீர்கள்" என்று ஆறுதல் சொல்வார்கள். டெம்பிள் கிராண்டின் அம்மையாரை எடுத்துக்காட்டுவார்கள். மூன்று வயது கடந்தும் பேசாதிருந்த அவர் இன்று கால்நடை அறிவியல் பேராசிரியர். அவரை நானும் மதிக்கிறேன். ஆனால் என் தம்பி மேதையாவானா என்பது யாருக்குத் தெரியும்? அவனுக்குக் கணக்கு வரும், கட்டுரை வராது. நான் மேதையாவேன் என்று உறுதி எழுதித் தந்தா என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்? பள்ளியில் இடம் என்பது திறமைக்குத் தரும் கோப்பை அன்று. பந்தியில் போடும் இலை. அது வந்தவர்க்கெல்லாம் உரியது.

மறைக்கல்வி வகுப்பில் மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தைப் படித்தோம். காது கேளாத, பேச்சுத் திக்கிய ஒருவரை இயேசுவிடம் கொண்டு வருகிறார்கள். ஆண்டவர் அங்கேயே, கூட்டத்தின் நடுவிலேயே அவரைக் குணமாக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அவரைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். இவ்வளவு காலம் அந்த வரியை நான் கவனிக்காமல் கடந்திருந்தேன். என் தம்பியைச் சந்தை இரைச்சலிலிருந்து அம்மா கைபிடித்து ஒரு சந்துக்குள் கூட்டிப்போவதைப் பார்த்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அவருக்கு எது வேண்டும் என்பதை அறிந்து, அதற்கேற்ப ஆண்டவர் நடந்துகொண்டார். லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் நீதி கேட்டு நடுவரிடம் ஓயாமல் நடந்த கைம்பெண்ணை எல்லோரும் அறிவோம். அவளைத் தொல்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவளைப் போல் சோர்வின்றி மன்றாடவே கற்பித்தார். கையில் பையும் காகிதமுமாய் அலுவலக வாசலில் நிற்கும் தாய்மாரை நாம் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

நம் மறையின் வரலாறும் அதுதான். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தெலெப்பே என்ற குருவானவர், யாரும் சேர்க்காத காது கேளாத ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பள்ளி நடத்தினார். கைச்சைகையால் கற்பித்தார். சட்டம் சொன்னதால் அவர் செய்யவில்லை. சட்டம் வருமுன் செய்தவர்களின் வழிவந்த நாம், சட்டம் நம்மைக் கட்டாது என்று சொல்லி ஒதுங்கலாமா? நம் பள்ளிகளுக்கு அரசியலமைப்பு தந்திருக்கும் தனி உரிமை பெரிய கொடை. அது நல்லதைச் செய்யத் தடையின்மைக்காகத் தரப்பட்டது; செய்யாமலிருக்கச் சாக்காக அன்று.

பிறரைக் குறை சொல்லும் முன் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நம் ஆண்டு விழாவுக்கு வீட்டார் அனைவரும் வந்தார்கள். ஒலிபெருக்கி முழங்கியதும் தம்பி தரையில் உட்கார்ந்து அலறினான். என் தோழியர் திரும்பிப் பார்த்தார்கள். "யாருடி அது?" என்று ஒருத்தி கேட்டாள். "தெரியாது" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டேன். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வெளிவாசல் வேப்பமரத்தடியில் விழா முடியும்வரை நின்றார்கள். சேவல் கூவவில்லை, ஆனால் எனக்குப் பேதுருவின் நினைவு வந்தது. அந்தப் பள்ளி என் தம்பியைத் தெரியாது என்று சொல்வதற்கு முன்பே நான் சொல்லியிருந்தேன்.

இன்று அவன் இரண்டு பேருந்து மாறிப் போகும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். ஜூலை மாதக் கடைசியில் அம்மா அங்கே போனபோது, தலைமையாசிரியை சான்றிதழ்களைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, அவன் உயரத்துக்குக் குனிந்து, "உனக்கு இங்கே எதுப்பா கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டாராம். அவன் "மணி" என்றான். மணி தொங்கும் தூணிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பிரிவில் அவனைச் சேர்த்தார். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து போகிறார். முதல் பருவத்தில் இரண்டு முறை வகுப்பைவிட்டு ஓடினான். இப்போது ஓடுவதில்லை. கூரையில் ஒழுக்கு உண்டு; மனத்தில் இல்லை.

"அப்படியானால் எல்லாம் நலமாயிற்றே" என்று முடித்துவிடாதீர்கள். ஒரு நல்ல தலைமையாசிரியை கிடைத்தது எங்கள் நற்பேறு. நற்பேற்றை நம்பியா ஒரு குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும்? அடுத்த ஜூனில் வேறொரு தாய் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

ஆகவே மூன்று வேண்டுகோளை முன்வைக்கிறேன். முதலாவது, எந்தப் பள்ளியாயினும் ஒரு குழந்தைக்கு இடம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். எழுத வேண்டும் என்ற நிலை வந்தாலே, பாதி காரணங்கள் எழுதத் தகுதியற்றவை என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, மறுத்தவரே மீண்டும் மறுக்காமல், பள்ளி திறக்கும் முன் மே மாதத்திலேயே, வேறு சிலர் அமர்ந்து பெற்றோரின் முறையீட்டைக் கேட்கட்டும். ஓர் ஆசிரியர், ஒரு மருத்துவர், இத்தகைய பிள்ளையை வளர்த்த ஒரு தாய் போதும். இதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளியே தானாகத் தொடங்கலாம். மூன்றாவது, தேர்வு வைக்கும் முன் குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "உனக்கு எது கஷ்டம்?"

மதிப்புக்குரிய தலைமை அன்னை அவர்களே, அருட்சகோதரிகளே! இந்த நல்வழக்கத்தை முதலில் தொடங்கும் பள்ளி நம் பள்ளியாக இருக்கக் கூடாதா? இது பெண்கள் பள்ளி. என் தம்பிக்கு இங்கே இடம் கேட்கவில்லை. ஆனால் பெண்பிள்ளைகளிலும் இத்தகையோர் உண்டு. ஓசை தாங்காமல் வாய்திறவாது பின்பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஒருத்தியை நாம் "அமைதியான பெண்" என்று பாராட்டிவிட்டுக் கடந்திருக்கலாம். பெற்றோரே! உங்கள் மகளின் அருகில் இப்படியொரு பிள்ளை அமர்ந்தால் அஞ்சாதீர்கள். தோழியரே! யாரேனும் காதைப் பொத்தினால் சிரிக்காதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள்.

இறுதியாக ஒரு சிறு விண்ணப்பம். இவ்வாண்டு விழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சற்றே அடக்கி வைத்து, பின்பக்கம் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்தால், ஓர் அம்மாவுக்கு வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியிராது. அன்று யாராவது "அது யாருடி?" என்று கேட்டால், இம்முறை நான் சொல்வேன்: "என் தம்பி".